கரையில் நின்றவன்

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் திருக்கோஷ்டியூரைக் கடக்கும்போதெல்லாம், பேருந்தின் சன்னல் வழியே சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்ப்பது சிறு வயது முதலே என் பழக்கம். திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருளைக் கேட்டறிந்த இராமாநுசர், அதனைப் பிறர்க்குச் சொல்லலாகாது என்னும் ஆணையை மீறி, கோயிலின் மேலேறி நின்று ஊரறிய உரைத்தார் என்று வைணவக் குருபரம்பரை வரலாறு கூறும். தமக்கு நரகமே வாய்ப்பினும் பிறர் உய்தல் வேண்டும் என்று அப்பெருமகனார் கருதியதை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது என் குரல் சற்றே தழுதழுக்கும். இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஒருவன் வைணவ ஆசாரியர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லி நெகிழ்வது கண்டு புதிய மாணவர் வியப்பதுண்டு. தமிழைச் சில காலம் பயின்றபின் அவர்களும் வியப்பதில்லை.

இத்தனை ஆண்டுகளாக நடந்து வந்தவரைப் பற்றியே நான் எண்ணியிருக்கிறேன். அவர் மீண்டும் மீண்டும் வரும்வரை காத்திருந்த நம்பியைப் பற்றி எண்ணியதில்லை. எண்ண வைத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலைப் பொழுதில், அவ்வூருக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு கண்மாய்க் கரையில் நான் கண்ட காட்சி. துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவச் செயலாளர் வந்து நின்றபோது, வேறு பொருள் எதுவும் என் நெஞ்சில் எழவில்லை. இது ஆய்வுக் கட்டுரை அன்று. ஒரு தந்தை இன்னொரு தந்தையிடம் கற்ற பாடம்.

என் நண்பர் அப்பகுதிப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். முதுகலை வகுப்பில் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து பயின்றோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நான் சீறாப்புராணத்தை எடுத்துக்கொண்டபோது, அவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்துக்கொண்டார். விடுதி அறையில் உமறுப் புலவரும் கிருஷ்ண பிள்ளையும் ஒரே மேசையின் இருபுறமும் இருந்தார்கள். 1827இல் திருநெல்வேலிக்கு அருகேயுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் கிருஷ்ண பிள்ளை. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல். தாமே ஆராய்ந்து, தாமே தெளிந்து, தாமே சென்றவர்.

நண்பர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “பாய், கிருஷ்ண பிள்ளை வெளியிலிருந்து வந்தார், கதவைத் தட்டினார், திறந்தது. அந்த வீட்டிற்குள்ளேயே பிறந்தவன் எந்தக் கதவைத் தட்டுவது?”

அப்போது அதனை ஒரு நயமான பேச்சாகவே கொண்டேன். அவருக்கு அது பேச்சன்று, வாழ்க்கை என்பது பின்னர்த்தான் விளங்கிற்று.

நம் மாணவர் பலர், கிறித்தவரின் ஞானஸ்நானம் என்றால் பிற சமயத்திலிருந்து வருவோர்க்கு மட்டுமே உரியது என்று கருதுகின்றனர். அவ்வாறன்று. கத்தோலிக்கர் தம் குழந்தைகளுக்கே திருமுழுக்கு அளிக்கின்றனர். வளர்ந்தபின் உறுதிப்பூசுதல் நிகழும். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு; பிள்ளை அறிவு வந்த பருவத்தில் சபையின் முன் நின்று, பெற்றோர் தனக்காகச் சொன்னதைத் தானே சொல்ல, பேராயர் தலைமேல் கைவைத்துத் திடப்படுத்துவார். வேறு சில சபையினரோ, நம்பிக்கை என்பது ஒருவன் தன் வாயால் அறிக்கையிட வேண்டிய ஒன்று. கைக்குழந்தைக்கு அது இயலாது. எனவே வளர்ந்து தானே கேட்கும்வரை நீர் இல்லை என்பர். பாப்டிஸ்டு சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் இக்கொள்கையினர்.

நண்பரின் தாயார் திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறித்தவக் குடும்பத்தவர். மகன் பிறந்த சில வாரங்களிலேயே கோயிலுக்கு ஏந்திச் சென்று ஞானஸ்நானம் பெறுவித்தவர். அந்த மகன், பணிக்கு வந்த காலத்தில் வேறொரு சபையில் சேர்ந்து, இருபத்தைந்தாம் வயதில் மீண்டும் நீரில் மூழ்கி எழுந்தார். செய்தி அறிந்த தாயார் கேட்ட ஒரு கேள்வியை நண்பர் இன்றும் மறக்கவில்லை. “அப்படியானால் நான் உனக்குச் செய்தது செல்லாதா?”

இக்கேள்வி ஒரு தாயின் கேள்வி மட்டும் அன்று. ஐரோப்பாவில் இதனால் குருதியே சிந்தியிருக்கிறது. 1525இல் சூரிச்சு நகரில் சில இளைஞர்கள், குழந்தையில் பெற்றது போதாது என்று, அறிந்தவராய் ஒருவர்க்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் அளித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527 சனவரியில் லிம்மாத்து ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். நீரில் மூழ்க விரும்பியவருக்கு நீரையே தண்டனையாக்கினர், ஆக்கியவரும் கிறித்தவரே. அத்துணைப் பகைக்கு இடமாயிருந்த இரு முறைகளையும் 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபை ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொண்டது என்பது நம் நாட்டின் வரலாறு. ஆயினும் சபைகள் கூடி உடன்பட்டது போல ஒரு வீட்டின் அடுக்களையில் உடன்பாடு எளிதில் வருவதில்லை.

நம் சீமைக்கும் இதில் ஒரு பழைய நினைவு உண்டு. சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் 1693இல் அருளானந்தர் எனப்பெற்ற ஜான் தெ பிரித்தோவிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அதன் விளைவாக அருளானந்தர் அவ்வாண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டார். நம் வள்ளல் சீதக்காதியைப் போற்றிய அதே சேதுபதியின் காலம் அது. ஓரியூர் மணலைப் பத்தியோடு எடுத்துச் செல்வோரைப் பார்த்திருக்கிறேன். விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் பெயரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஒருவர் நீரில் இறங்கும்போது கரையில் நிற்பவர் சிலர்க்கும் ஏதோ ஒன்று நேர்ந்துவிடுகிறது.

நண்பருக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவருக்கும் குழந்தையில் ஞானஸ்நானம் அளிக்கவில்லை. தாயார் மகனின் வீட்டிற்கு வரும்போதெல்லாம், “பிள்ளைகளை முத்திரை இல்லாத கடிதம்போல வளர்க்கிறாயே” என்று கண் கலங்குவாராம். நாள்தோறும் இரவில் குடும்ப வழிபாடு, ஞாயிறுதோறும் ஆராதனை, மனப்பாட வசனம் என எல்லாம் உண்டு. ‘நீ எப்போது ஞானஸ்நானம் பெறுவாய்?’ என்ற ஒரு கேள்வி மட்டும் அவ்வீட்டில் இல்லை. அதனைத் தாம் கேட்பதில்லை என்று நண்பரும் அவர் மனைவியும் தம்முள் உறுதி செய்துகொண்டிருந்தனர்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில், விடுமுறைக்கு வந்தவள் தானே கேட்டாள். அப்போது பதினேழு வயதான மகனிடம் சபையார் சிலர், “அக்காவோடு சேர்ந்து நீயும் எடுத்துக்கொள்ளலாமே, தம்பி” என்றனர். அவன் சில நாட்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஓர் இரவு வழிபாட்டிற்குப் பின் தந்தையிடம் சொன்னானாம்: “எனக்கு இன்னும் தெளியவில்லை, அப்பா. இப்போது இறங்கினால் நனைந்து மட்டும்தான் வருவேன்.”

மகளின் ஞானஸ்நானத்திற்கு வருமாறு நண்பர் என்னை அழைத்தார். சமயச் சடங்கிற்கு அன்று, பிள்ளையை எடுத்து வளர்த்த மாமனாக வந்து நில்லுங்கள் என்றார். நான் ஒப்பினேன். அக்காலத்தில் என் வீட்டின் நிலை என்ன என்பதை இங்கே மறைப்பது முறையாகாது.

என் மூத்த மகனுக்கும் அப்போது பதினேழு வயது. பிறந்த அன்றே அவன் வலச் செவியில் பாங்கும் இடச் செவியில் இகாமத்தும் ஓதியவன் நான். ஏழு வயதில் தொழக் கற்பித்தேன். குர்ஆனை ஓதி முடித்த நாளில் தெருவெல்லாம் இனிப்பு வழங்கினேன். அவன் மேல்நிலை வகுப்பிற்கு வந்தபின் பள்ளிவாசலுக்குச் செல்வது குறைந்தது. வைகறைத் தொழுகைக்கு நான் எழுப்பினால் எழுவான், எழுப்பாவிடில் உறங்குவான். ஒருநாள் கடிந்துகொண்டேன். அவன் பணிவாகவே சொன்னான்: “நீங்கள் எழுப்பினால் எழுகிறேன், தொழச் சொன்னால் தொழுகிறேன், அத்தா. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.”

அது ஓர் உதவி கேட்கும் குரல். எனக்கு அது எதிர்ப்பாகவே பட்டது. மூன்று வாரங்கள் அவனோடு பேசவில்லை. மூன்று நாட்களுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசாதிருத்தல் ஆகாது என்னும் நபிமொழியை ஜும்ஆ உரைகளில் எத்தனையோ முறை கேட்டவன்தான் நான். அவன் தாய் இருவருக்கும் இடையே சோற்றுத் தட்டையும் செய்தியையும் சுமந்தாள். அந்த மூன்றாவது வாரத்தில்தான் திருக்கோஷ்டியூர் அழைப்பு வந்தது. மோட்டார் சைக்கிளை ஓட்ட அவன் வேண்டியிருந்ததால், “நாளைக் காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும்” என்ற ஒரு தொடரைப் பேசி மௌனத்தை முடித்தேன்.

அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, தொலைவில் விமானம் பனிமூட்டத்தில் மங்கித் தெரிந்தது. கரையில் இருபது, இருபத்தைந்து பேர் இருந்தனர். பெண்கள் ஒரு மறைப்புத் துணியை இருபுறமும் பிடித்து உடை மாற்ற இடம் செய்திருந்தார்கள். பாட்டியம்மா வரமாட்டார் என்றுதான் எண்ணியிருந்தனர். வந்திருந்தார். சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் அமர்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டிருந்தார்.

போதகர் முழங்காலளவு நீரில் நின்று, அவளை அருகழைத்து, எல்லோரும் கேட்கும்படி வினவினார். நீயாக வந்தாயா? தந்தையோ தாயோ சபையோ உன்னை வற்புறுத்தியதுண்டா? இனி வரும் துன்பங்களை அறிவாயா? ஒவ்வொன்றுக்கும் அவள் விடை சொன்னாள். குரல் உரத்ததன்று, ஆனால் நடுங்கவில்லை. பின்னர் இடுப்பளவு நீருக்கு அழைத்துச் சென்று, ஒரு கையால் தோளையும் ஒரு கையால் அவள் கூப்பிய கைகளையும் பற்றி, பின்புறமாகச் சாய்த்து முழுவதும் மூழ்குவித்து எடுத்தார். ஓர் இமைப்பொழுதே ஆகும். அந்த இமைப்பொழுதில் கரையில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

நான் நீரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தமக்கையின் செருப்பை ஒரு கையிலும் துவாலையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, நீர் தொடும் இடத்திற்கு ஓரடி முன்னால் நின்றான். அவள் நடுங்கியபடி வெளியே வந்ததும் துவாலையை விரித்துப் போர்த்தினான். பாட்டியம்மா எழுந்து வந்து, ஈரத் தலையை உச்சிமோந்து, தம் முந்தானையால் துடைத்தார். ‘செல்லாதா’ என்ற பழைய கேள்வி அக்கணத்தில் எங்கே போயிற்று என்று நான் அறியேன். தீர்ந்துபோகவில்லை, சற்றே விலகி நின்று வழிவிட்டது என்று மட்டும் சொல்லலாம்.

சிற்றுண்டிக்குப் பின் நண்பரும் நானும் கரையில் நடந்தோம். “மகளின் நாள் நன்றாக நடந்தது” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மகள் இறங்கியது என் சாதனை அன்று, பாய். மகன் கரையில் நின்றானே, அவனை அங்கே நிற்கவிட்டதுதான் நான் செய்த ஒரே செயல். ‘அவளோடு சேர்ந்து நீயும் இறங்கிவிடு’ என்று நேற்று இரவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் மனத்திற்காக இறங்கியிருப்பான். அன்பான பிள்ளை. அந்த அன்பைப் பயன்படுத்திக்கொள்ள எனக்கு அச்சமாக இருந்தது.”

“அவன் என்றைக்குமே இறங்காமற் போனால்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அந்த எண்ணத்தில்தான் உறக்கம் போயிற்று” என்றார். “கேரியை நினைத்துக்கொள்வேன்.”

வில்லியம் கேரியை நம் மாணவர்கள் சேரம்பூர் அச்சகத்தின் வரலாற்றில் படித்திருப்பர். அவருடைய தந்தை இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலய எழுத்தர். குழந்தையில் அச்சபையிலேயே ஞானஸ்நானம் பெற்ற கேரி, 1783இல், தம் இருபத்திரண்டாம் வயதில், நார்தாம்ப்டன் நகரின் நேன் ஆற்றில் மீண்டும் மூழ்கியவர். 1793இல் வங்கம் வந்தார். ஏழு ஆண்டுகள் உழைத்தும் இந்நாட்டவர் ஒருவரும் அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. 1800 டிசம்பர் 28ஆம் நாள், ஊக்ளி ஆற்றில், கிருஷ்ண பால் என்னும் தச்சருக்கு முதல் ஞானஸ்நானம் அளித்தார். அன்று அதே நீரில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற இன்னொருவர் அவர் மகன் பெலிக்ஸ் கேரி, வயது பதினான்கு. ஊரார்க்கு நற்செய்தி சொல்லக் கடல் கடந்து வந்த தந்தை, தம் வீட்டுப் பிள்ளை தன் வாயால் கேட்கும் பருவம்வரை காத்திருந்தார். தச்சரும் மகனும் ஒரே வாயிலின் வழியே வந்தனர். அந்த மகன் பின்னாளில் பர்மா சென்று, சமயப் பணியை விட்டு அந்நாட்டு மன்னரின் பணியில் சேர்ந்தார். தந்தை மிகவும் வருந்தினார். பின்னர்ச் சேரம்பூருக்கே திரும்பி, வங்க மொழியில் உடற்கூற்றியல் நூல் இயற்றி, 1822இல் தந்தைக்கு முன்னரே மறைந்தார். தானே தெரிந்தெடுத்தவன் பிறழமாட்டான் என்பதற்கும் உறுதி இல்லை. காத்திருத்தலுக்குக் கூலி பேச இயலாது.

திரும்பும் வழியில் என் மகன் வண்டியை ஓட்டியபடியே கேட்டான்: “அத்தா, அந்தத் தம்பி ஏன் இறங்கவில்லை?”

“இன்னும் தெளியவில்லையாம்.”

“அவன் அப்பா கோபித்துக்கொள்ளவில்லையா?”

நான் விடை சொல்லவில்லை. காற்று பலமாக வீசியதால் கேட்கவில்லை என்று அவன் எண்ணிக்கொள்ளட்டும் என்றிருந்தேன்.

அன்று இரவு நெடுநேரம் சிந்தித்தேன். நம் மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கூறுவதைப் பிற சமயத்தார் முன்னிலையில் பெருமிதத்தோடு எடுத்துச் சொல்பவர்கள் நாம். அது அயலார்க்கு மட்டும் உரியதா, நம் வீட்டுப் பிள்ளையின் உள்ளத்திற்கும் உரியதா? நூஹ் நபி (அலை) கப்பலிலிருந்து மகனைக் கூவி அழைத்தார், மகன் மலையை நம்பினான், அலை இடையிட்டது. நபியாகிய தந்தைக்கும் மகனின் நெஞ்சுக்குள் கைவிட்டுத் திருப்பும் ஆற்றல் அளிக்கப்படவில்லை. இப்ராஹீம் நபி (அலை) இறைவன் காட்டிய கனவை மகனிடம் சொல்லி, அவன் கருத்து யாது என்று வினவினார். இறைக்கட்டளையாகவே இருந்தும் வினவினார்! சிறுவராயிருந்த அலீ (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) மார்க்கத்தை எடுத்துரைத்தபோது, முதலில் தந்தையைக் கேட்க வேண்டும் என்றெண்ணி, ஓர் இரவு சிந்தித்து, மறுநாள் தாமாகவே வந்து ஏற்றார்கள் என்பர் வரலாற்றாசிரியர். அந்த ஓர் இரவை நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு அளித்தார்கள். என் மகனுக்கு நான் எத்தனை இரவு அளித்தேன்?

பிள்ளைகளை அவரவர் போக்கில் விட்டுவிடுக என்று நான் சொல்வதாக யாரும் கருதிவிட வேண்டா. கற்பித்தல் கடமை, ஏழு வயதில் தொழுகையைக் கற்பிக்கச் சொன்னது நபிவழி. நண்பரின் வீட்டில் இரவு வழிபாடு ஒருநாளும் நின்றதில்லை. மொழி, ஒழுக்கம், வேதம், வழிபாடு அனைத்தையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் நாம் கொடுக்க இயலாது. அது அவன் உள்ளத்திலிருந்தே வர வேண்டும். தன் மகன் என்பதற்காகவே அச்சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்குபவன், அவனுக்கு இறைவனைக் கொடுப்பதில்லை, தன்னையே கொடுக்கிறான். இறையச்சம் என்று எண்ணி அப்பிள்ளை பயில்வது தந்தையின் மீதுள்ள அச்சத்தையே. எழுப்பும் தந்தை இல்லாத ஊருக்கு அவன் ஒருநாள் சென்றே தீருவான்.

திருக்கோஷ்டியூர் நம்பியை இப்போது எனக்குச் சற்றே விளங்குகிறது. பதினெட்டு முறை வந்தவனுக்கே அச்சொல்லின் அருமை தெரிந்தது; தெரிந்ததனால்தான் அதனை எல்லார்க்கும் வாரி வழங்கவும் துணிந்தான். முதல் நாளே கையில் திணித்திருந்தால் அவன் விமானம் ஏறியிருப்பானா என்பது ஐயமே.

மறுநாள் வைகறையில் நான் மகனை எழுப்பவில்லை. எழுப்பாமல் இருப்பதற்கு எழுப்புவதைவிட மிகுந்த வலிமை வேண்டியிருந்தது. அன்று மாலை அவனை அழைத்து, அந்த மூன்று வாரத்திற்காக மன்னிப்புக் கேட்டேன். “தொழுகையில் உனக்கு விளங்காதது எது?” என்று கேட்டேன். அவன் சொன்னான். பலவற்றிற்கு என்னிடம் விடை இருந்தது; சிலவற்றிற்கு இல்லை; ஆலிம் ஒருவரிடம் இருவருமாகச் சென்று கேட்டோம். பதினேழு ஆண்டுகளில் நானும் அவனும் மார்க்கத்தைப் பற்றிப் பேசிய முதல் நாள் அதுவே என்பதை எண்ணி நாணினேன். அதுவரை நான் மட்டுமே பேசியிருக்கிறேன்.

இன்று அவன் வெளியூரில் படிக்கிறான். தொழுகிறானா என்று தொலைபேசியில் கேட்பதில்லை. ஒருமுறை அவனாகவே, “இன்று ஃபஜ்ருக்குப் பின் உங்களுக்காகத் துஆ செய்தேன், அத்தா” என்றான். அதனை இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். அது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடைப்பட்டது. நண்பரின் மகன் இன்னும் கரையிலேயே நிற்கிறான். விடுமுறையில் வந்தால் தந்தையோடு அமர்ந்து கேள்விகள் கேட்கிறானாம். பாட்டியம்மா, “இவனாவது என் காலத்தில்” என்று தொடங்கி, மகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாராம்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே! உங்களுள் எச்சமயத்தவராயினும், பெற்றோர் கையில் கொடுத்ததை ஒருநாள் நீங்களே எடுத்துப் பாருங்கள், கேளுங்கள், ஆராயுங்கள். அவ்வாறு கேட்பது பெற்றோரை இகழ்வதாகாது. பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை கரையில் நிற்கும் நேரம் நமக்கு நெடியது. அந்நேரத்தில் துவாலையை ஏந்தி அருகில் நிற்போம், பின்னாலிருந்து தள்ளாதிருப்போம். அதற்குரிய பொறுமையை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!